முதலாண்டு மாணவருக்குப் பாடத்திட்டத்தையும் எதிர்பார்ப்புகளையும் பழக்குவது எப்படி? பொறியியல் கல்லூரியில் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்களுக்கு

மேல்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்திற்கு ஒரு புத்தகம்தான் உண்டு. அரசு வெளியிடும் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, பாடங்களின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதிப் பழகி, 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்ற கணக்கோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர் பொறியியல் கல்லூரிக்குள் நுழைகிறார். அங்கே அவர் கையில் அப்படியொரு புத்தகத்தை யாரும் கொடுப்பதில்லை. ஓரிரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் பாடத்திட்டமும் அதன் அடியில் ஒரு நூற்பட்டியலும்தான் கிடைக்கின்றன. எதைப் படிப்பது, எவ்வளவு ஆழமாகப் படிப்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையெல்லாம் அவரே கண்டுபிடித்துக்கொள்வார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அண்ணனோ அக்காவோ பொறியியல் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இவை வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்கோ, முதல் பருவத்து முடிவு வந்து அரியர் விழுந்த பிறகுதான் தெரியவருகின்றன.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்த பிறகு, தமிழ்வழியில் படித்தவர்களும் முதல் தலைமுறை மாணவர்களும் நம் வகுப்புகளில் கூடுதலாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய திறமையில் குறையில்லை. கல்லூரியின் நடைமுறையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே குறை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் அந்தக் குறையை ஆசிரியர் எப்படித் தீர்க்கலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்ல முற்படுகிறேன்.

வகுப்புக்குப் போகும் முன்

உங்கள் மாணவர்கள் எந்த ஆண்டின் ஒழுங்குமுறையின் (பாடத்திட்டம், மதிப்பெண், தேர்ச்சி ஆகியவற்றுக்கான பல்கலைக்கழக விதித்தொகுப்பு) கீழ் வருகிறார்கள் என்பதைத் துறைத் தலைவரிடமோ தேர்வுப் பிரிவிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2013, 2017, 2021 என்று ஒழுங்குமுறைகள் மாறி வந்துள்ளன. 2025இலும் புதிய ஒழுங்குமுறை வந்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தமக்கெனத் தனிப் பாடத்திட்டமும் மதிப்பெண் பங்கீடும் வைத்திருக்கின்றன. இக்கட்டுரையில் வரும் கணக்குகள் அனைத்தும் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைச் சார்ந்தவை. உங்கள் கல்லூரியில் எண்கள் வேறாக இருந்தால் அந்த எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலை எங்கும் ஒன்றுதான்.

அடுத்து, மாணவருக்கென ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரியுங்கள். துறையில் ஒப்படைக்கும் லெசன் பிளான் ஆய்வுக்கு வருபவர்களுக்காக எழுதப்படுவது. பாடக் கோப்பில் இருக்கும் அது மாணவர் கண்ணில் படுவதே இல்லை. மாணவர் தாளில் பாடக் குறியீடு, கிரெடிட், ஐந்து அலகுகளும் எந்தெந்த வாரங்களில் நடக்கும் என்ற விவரம், இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வுகளின் தேதிகள், ஒப்படைப்புகளுக்கான கடைசி நாள், உங்களை எங்கே எப்போது சந்திக்கலாம் என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் போதும். தேதி இன்னும் உறுதியாகவில்லை என்றால் வாரத்தையாவது எழுதுங்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் முதல் வகுப்பிலேயே முதல் அலகைத் தொடங்கிவிடுவது புதிய ஆசிரியர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். 60 பாடவேளை கொண்ட ஒரு பாடத்தில் இரண்டு பாடவேளைகளை அறிமுகத்திற்கு ஒதுக்குவதால் எதுவும் கெட்டுவிடாது. அந்த இரண்டையும் மிச்சப்படுத்துபவர்கள், பருவத்தின் நடுவில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக அதே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

முதல் படி: பாடத்திட்டத்தைச் சேர்ந்து வாசித்தல்

பாடத்திட்டப் பக்கத்தை நகலெடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்து, ஒரு முழுப் பாடவேளை அதை வரிவரியாக வாசியுங்கள். வாட்சாப் குழுவில் அனுப்பிவிட்டால் ஆயிற்று என்று விட்டுவிட வேண்டாம். கைப்பேசித் திரையில் அதை யாரும் படிப்பதில்லை, பேனாவால் குறிப்பு எழுதவும் அங்கே இடமில்லை.

முதல் பருவத்துக் கணிதப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குறியீடு எம்.ஏ. 3151. எம்.ஏ. என்பது கணிதத்தைக் குறிக்கிறது. 3 என்பது 2021 ஒழுங்குமுறையையும், அடுத்துள்ள 1 முதல் பருவத்தையும் குறிக்கின்றன. 2017 ஒழுங்குமுறையில் இதே இடத்தில் இருந்த பாடத்தின் குறியீடு எம்.ஏ. 8151. இது ஏதோ எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். ஆனால் சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் குறிப்பேடுகளையும், நகல் கடையில் விற்கும் பழைய வினாத்தாள்களையும் நம்பியே பாதி வகுப்பு படிக்கிறது. பழைய 8151 பாடத்தில் அணிகள் என்ற அலகு கிடையாது; வகைக்கெழுச் சமன்பாடுகள் உண்டு. புதிய 3151இல் முதல் அலகே அணிகள்தான், வகைக்கெழுச் சமன்பாடுகள் இல்லை. குறியீட்டைப் பார்க்கத் தெரியாத மாணவர் தேர்வில் வராத ஓர் அலகை மனப்பாடம் செய்துவிட்டு, வரப்போகும் அலகைத் தொடாமலேயே தேர்வறைக்குப் போக நேரிடும். ஆகவே எந்தக் குறிப்பேடு கைக்கு வந்தாலும் முதலில் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஊட்டிவிடுங்கள்.

குறியீட்டுக்கு அருகில் எல், டி, பி, சி என்ற நான்கு எழுத்துகளும் அவற்றின் கீழே 3, 1, 0, 4 என்ற எண்களும் இருக்கும். வாரத்திற்கு மூன்று விரிவுரைப் பாடவேளை, ஒரு டுடோரியல், செய்முறை இல்லை, மொத்தம் நான்கு கிரெடிட் என்பது இதன் பொருள். இதே பருவத்தில் வரும் தமிழர் மரபு பாடத்திற்கு ஒரு கிரெடிட். சராசரிப் புள்ளி கணக்கிடும்போது கணிதத்தில் வாங்கும் தரம் நான்கு மடங்கு எடையோடு சேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் சொன்னால், நேரத்தை எந்தப் பாடத்திற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று மாணவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள். ஒரு கிரெடிட் பாடத்திலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

அலகுகளுக்குள் போகும்போது, தலைப்புகளைப் பிரிக்கும் சிறு கோடுகளின் மேல் மாணவர்களின் கவனத்தைத் திருப்புங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு தொடரும் தனியொரு வினாவாக வரக்கூடியது. அணிகள் அலகில் ஐகன் மதிப்புகள், கெய்லி-ஹாமில்டன் தேற்றம், செங்குத்து உருமாற்றத்தின் மூலம் மூலைவிட்ட அணியாக்குதல், இருபடி வடிவத்தை நியம வடிவமாக மாற்றுதல் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றின் மேலும் மாணவர்கள் தம் பேனாவால் ஒரு குறி இடட்டும்: பள்ளியில் செய்து பழகியது என்றால் ஒரு கோடு, கேள்விப்பட்டது மட்டும் என்றால் ஒரு வட்டம், புதியது என்றால் ஒரு பெருக்கல் குறி. தொகையீட்டு அலகுக்கு வரும்போது பிரதியிடல் முறை, பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் என்று வரிசையாகக் கோடுகள் விழும். நீர்நிலை அழுத்தம், நிறை மையம் ஆகியவற்றை எட்டும் போதுதான் வட்டமும் பெருக்கலும் தலைகாட்டும். கல்லூரிக் கணிதத்தில் கணிசமான பகுதி தமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பதை மாணவர்கள் தம் கண்ணாலேயே பார்க்கும் இந்தப் பயிற்சி, நாம் வாயால் சொல்லும் எந்த ஊக்கமொழியையும்விட நன்றாக வேலை செய்கிறது. தாள்களைத் திரும்பப் பெற்று, எந்தத் தலைப்பில் பெருக்கல் குறிகள் குவிந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நிதானமாகப் போக வேண்டும் என்பது உங்களுக்கும் விளங்கிவிடும்.

பக்கத்தின் அடியில் உள்ள பாடநூல், பார்வைநூல் என்ற பட்டியலைப் பற்றியும் தெளிவாகப் பேசியாக வேண்டும். இத்தனை நூல்களையும் வாங்க வேண்டுமோ என்று பயப்படும் மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் கடன் வாங்கிப் புத்தகம் வாங்குகிற பெற்றோரும் இருக்கிறார்கள். எந்த நூலின் எந்த அதிகாரம் எந்த அலகுக்கு உரியது என்று நீங்களே எழுதிக்கொடுத்து, நூலகத்தில் அந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை ஒருநாள் அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள். உள்ளூர்ப் பதிப்பகங்கள் அலகு வாரியாக வினா-விடையோடு வெளியிடும் புத்தகங்களை மாணவர்கள் எப்படியும் வாங்குவார்கள். அவற்றைப் பழிப்பதில் பயனில்லை. திருப்புதலுக்கு அவை உதவும், புரிந்துகொள்வதற்குப் பாடநூலும் வகுப்பும் வேண்டும் என்று இடத்தைப் பிரித்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

இரண்டாம் படி: மதிப்பெண் கணக்கைக் கரும்பலகையில் போடுதல்

இரண்டாவது பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். எழுத்துப் பாடத்திற்கு அகமதிப்பீடு 40, பருவ இறுதித் தேர்வு 60 என்ற பங்கீட்டை மாணவர்கள் எங்கோ கேட்டிருப்பார்கள். இன்டர்னலில் நிறைய வாங்கிவிட்டால் யுனிவர்சிட்டி தேர்வைச் சமாளித்துவிடலாம் என்ற தவறான முடிவுக்கும் வந்திருப்பார்கள். தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: மொத்தத்தில் 50 வேண்டும், இறுதித் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். இதை விதியாகச் சொன்னால் மனத்தில் நிற்காது; எண்களாகப் போட்டுக் காட்டுங்கள்.

அகமதிப்பீட்டில் 36 வாங்கிய ஒரு மாணவர் இறுதித் தேர்வில் நூற்றுக்கு 40 எடுக்கிறார். அந்த 40, அறுபதுக்கு 24 ஆகிறது. மொத்தம் 60. ஆனாலும் அவர் தேர்ச்சி பெறவில்லை. இறுதித் தேர்வில் 45ஐ எட்டவில்லை. இன்னொருவர் அகமதிப்பீட்டில் 16 மட்டுமே வைத்திருக்கிறார். இறுதித் தேர்வில் 45 எடுத்தாலும் அது 27தான், மொத்தம் 43, அவருக்கும் தேர்ச்சியில்லை. அவர் தேறுவதற்கு இறுதித் தேர்வில் 57 தேவை. அகமதிப்பீட்டில் 23 வைத்திருக்கும் மூன்றாமவருக்கு 45 எடுத்தாலே சரியாக 50 வந்துவிடுகிறது. இந்த மூன்று வரிகளையும் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, நான்காவது கணக்கை நீங்கள் ஒன்று கொடுத்து அவர்களையே போடச் சொல்லுங்கள்.

பிறகு அந்த 40 எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வுக்கு 60, ஒப்படைப்பு, கருத்தரங்க உரை, சிறு செயல்திட்டம் போன்றவற்றுக்கு 40. இரண்டு மதிப்பீடுகளின் 200ஐ 40க்குச் சுருக்கும்போது, ஒப்படைப்புகளுக்கு மட்டும் 16 மதிப்பெண் இருக்கிறது என்று தெரியவரும். தேர்வுக்கு முந்தைய இரவில் நண்பரின் ஒப்படைப்பைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்களும் கொடுக்காமலே விட்டுவிடுபவர்களும் எதை இழக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வழி தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் ஒரு கடமை வந்து சேர்கிறது: ஒப்படைப்பை எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். படிகளுக்கு எத்தனை, படத்திற்கு எத்தனை, தாமதத்திற்கு எவ்வளவு குறையும் என்று சொல்லாமல் நாம் குறைக்கும் மதிப்பெண்ணை மாணவர் பாரபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வார், அப்படி எடுத்துக்கொள்வதற்கு அவருக்கு நியாயமும் இருக்கிறது.

வருகைப்பதிவு 75 சதவீதத்திற்குக் குறையக் கூடாது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதைப் பாடவேளைகளாக மாற்றிச் சொல்லுங்கள். 60 பாடவேளையில் 75 சதவீதம் என்பது 45. எஞ்சிய 15உம் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பேருந்து தவறிய காலைகளுக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தால், முதல் மாதத்திலேயே அவற்றைச் செலவழித்துவிட மாட்டார்கள்.

மூன்றாம் படி: பழைய வினாத்தாளைப் பாடமாக நடத்துதல்

இதைப் பருவத்தின் இறுதிக்குத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டாம் வாரத்திலேயே செய்துவிடுங்கள். பெரும்பாலான எழுத்துப் பாடங்களின் வினாத்தாளில் பகுதி அ பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், பகுதி ஆ ஐந்து 13 மதிப்பெண் வினாக்கள், பகுதி இ ஒரு 15 மதிப்பெண் வினா என்று நூறு மதிப்பெண் பிரிந்திருக்கும். கணிதத் தாள் இதற்கு விலக்கு. அதில் பகுதி இ இல்லை, ஐந்து வினாக்கள் ஒவ்வொன்றும் 16 மதிப்பெண்ணுக்கு வரும். பெருவினாக்களில் இது அல்லது அது என்ற தேர்வு அதே அலகுக்குள்தான் கிடைக்கும். ஓர் அலகை முழுதாக விட்டுவிட்டு மற்ற நான்கை வைத்துச் சமாளிக்கலாம் என்ற பள்ளிக்காலத் திட்டம் இங்கே எடுபடாது என்பதை வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே காட்டுங்கள்.

மூன்று மணி நேரத்தைப் பிரிப்பதையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்று நிமிடம் என்றால் பகுதி அ அரை மணியில் முடிந்துவிடும். 13 மதிப்பெண் வினாவுக்கு 23 நிமிடம் வீதம் ஐந்துக்கும் 115 நிமிடம், 15 மதிப்பெண் வினாவுக்கு 25 நிமிடம். மீதி பத்து நிமிடம் சரிபார்ப்பதற்கு. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பெருவினாவுக்கு நேரமில்லாமல் எழுந்து போகும் மாணவர்களை ஒவ்வொரு பருவமும் தேர்வறையில் பார்க்கிறோம். அவர்களுக்கு விடை தெரியாமல் இல்லை.

விடை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஒருமுறை கண்ணால் காட்டிவிட வேண்டும். ஒரே 13 மதிப்பெண் வினாவுக்கு இரண்டு விடைகளை நீங்களே எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்று பத்தி பத்தியாகத் தகவலைக் கொட்டியது, மற்றொன்று வரையறை, பெயரிட்ட படம், படிகள், ஓர் எடுத்துக்காட்டு என்று அமைந்தது. இரண்டையும் மாணவர்கள் கையில் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தாமே திருத்திப் பார்த்த பிறகு அவர்கள் எழுதும் விடையில் மாற்றம் தெரியும்.

நான்காம் படி: தமிழ்வழி மாணவருக்கு மொழிப் பாலம்

தமிழ்வழியில் படித்த மாணவர் அணித்தரமும் நேர்மாறும் வகையீடும் தொகையீடும் நன்றாகவே கற்று வந்திருக்கிறார். ரேங்க், இன்வெர்ஸ், டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் என்று கேட்கும்போது அவை வேறு ஏதோ புதிய பொருள்கள் என்று நினைத்து மிரண்டு நிற்கிறார். ஒவ்வோர் அலகும் தொடங்கும் முன், அதில் வரப்போகும் இருபது முப்பது கலைச்சொற்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகத்தின் சொற்களோடு இணைத்து ஒரு தாளில் கொடுங்கள். அந்தப் புத்தகம் உங்கள் மேசையில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். வினாக்களின் ஏவற்சொற்களையும் இதே தாளில் சேர்த்துவிடலாம்: டிஃபைன் என்றால் வரையறை மட்டும் போதும், டிரைவ் என்றால் ஒவ்வொரு படியும் வேண்டும், கம்பேர் என்றால் அட்டவணை போட்டு இரு பொருளையும் எதிரெதிரே வைக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் கருத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவது நல்ல முறை. மாணவர் தமிழில் சந்தேகம் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் வைத்தால் கேள்வியே வராமல் போய்விடும், ஆங்கிலமும் வளராது.

ஐந்தாம் படி: ஆய்வகத்தின் வழக்கம்

ஆய்வகப் பாடத்தில் பங்கீடு தலைகீழாக மாறுகிறது: அகமதிப்பீடு 60, இறுதித் தேர்வு 40. வாராவாரம் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்குவது, ரெக்கார்டை அடுத்த வாரமே முடித்து ஒப்படைப்பது, வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தமாக வருவது ஆகியவைதான் அந்த 60இல் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. முடித்த ஒரு ரெக்கார்டை முதல் வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். பைத்தான் ஆய்வகம் போன்றவற்றில், வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் யார் என்பதைப் பொதுவில் கேட்காமல் தனியே தெரிந்துகொண்டு, வகுப்பு முடிந்த பின் ஆய்வகம் எந்த நேரம்வரை திறந்திருக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: புரிந்ததா என்று சரிபார்த்தல்

எல்லாவற்றையும் சொல்லியாயிற்று என்பதால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று கொள்ள வேண்டாம். மூன்றாம் வாரத்தில் பெயர் எழுதத் தேவையில்லாத ஐந்து வினாக்களைக் கொடுத்துப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். நம் பாடத்தின் குறியீடு என்ன, அகமதிப்பீட்டில் 20 வாங்கினால் இறுதித் தேர்வில் எவ்வளவு தேவை, முதல் ஒப்படைப்பு எந்த நாளில், இரண்டாம் அலகை எந்த நூலில் படிப்பது, சந்தேகம் வந்தால் என்னை எப்போது பார்க்கலாம் என்ற அளவில் இருந்தால் போதும். இரண்டாவது வினாவுக்கு 50 என்று விடை வந்தால் கணக்கு புரிந்துவிட்டது என்று பொருள். பாதிப் பேருக்கு வரவில்லை என்றால் கரும்பலகைக்குத் திரும்புங்கள்.

தாமதமாகச் சேர்பவர்களையும் கணக்கில் கொள்ளுங்கள். துணைக் கலந்தாய்வில் இடம் கிடைத்து வரும் மாணவர் முதல் வகுப்புகளைத் தவறவிட்டிருப்பார். பட்டயப் படிப்பு முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவருக்கு முதலாண்டு அறிமுகம் எதுவுமே கிடைத்திருக்காது. இவர்களுக்கென ஒரு மாலையை ஒதுக்கி, அதே தாளையும் அதே பாடத்திட்டப் பக்கத்தையும் அதே மூன்று கணக்குகளையும் மீண்டும் நடத்துங்கள். ஏற்கெனவே வகுப்பில் இருக்கும் மாணவர் ஒருவரை உடன் அமர்த்தி அவரையே விளக்கச் சொன்னால், அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.